ஏதென்ஸில் ஒரே ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி இதுதான். வேலை நிமித்தமாக கிரீஸ் செல்லும் ஒருவருக்கு ஏதென்ஸில் ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கிறது. இடிபாடுகளையும் பார்க்க வேண்டும், அருங்காட்சியகங்களையும் விட மனமில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம், உடைந்த கற்களின் நடுவே நின்று எதைக் கவனிப்பது என்று கேட்கிறார். "எல்லாத் தூணும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அரை மணி நேரம் போதும்" என்று அவரிடம் யாரோ சொல்லியும் இருக்கிறார்கள்.

அரை மணி நேரம் போதாது. ஒரு நாள் போதும், எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்பதில் கவனமாக இருந்தால்.

ஏதென்ஸில் கட்டடம் ஓர் இடத்திலும் அதன் சிற்பங்கள் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நம் ஊர்க் கோயில் ஒன்றில் மூலவரையும் உற்சவரையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள், கோபுரச் சுதைகளையும் கோஷ்டத்துச் சிலைகளையும் இறக்கிவிட்டார்கள், கற்றளி மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்ரோபொலிஸ் மலை மேல் இன்று நிற்பது அப்படிப்பட்ட ஒன்று. சிலைகள் மலையடிவாரத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பங்கு லண்டனில் இருக்கிறது. ஆகவே என் முறை இதுதான்: முதலில் காலியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள், அங்கிருந்து போன பொருளை அதே நாளில் பிறகு பாருங்கள். நான் முதல் முறை சென்றபோது இதைத் தலைகீழாகச் செய்தேன். வெயிலுக்கு அஞ்சி அருங்காட்சியகத்தில் நாளைத் தொடங்கினேன். சிற்பங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவை எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்து இருந்தவை என்று தெரியாததால் ஒன்றும் மனதில் தங்கவில்லை. மாலையில் மலை ஏறியபோது கால் ஓய்ந்துவிட்டது. அடுத்த முறை வரிசையை மாற்றினேன். அதே கற்கள்தான், ஆனால் அன்று பார்த்தது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

முதலில் நடைமுறைச் செய்திகள். அக்ரோபொலிஸுக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பு 2023 செப்டம்பர் முதல் இருக்கிறது. டிக்கெட்டில் நுழையும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும், எனவே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். காலையின் முதல் நேரத்தை, கோடையில் அது எட்டு மணி, எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெப்ப அலை வந்தால் நண்பகல் முதல் மாலை ஐந்து மணி வரை மலையை மூடிவிடுவதும் உண்டு. வாசல்கள் இரண்டு. சுற்றுலாப் பேருந்துகளில் வருபவர்கள் மேற்கு வாசலில் குவிவார்கள். நீங்கள் அக்ரோபொலி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அருகிலேயே இருக்கும் தென்கிழக்கு வாசல் வழியாக நுழையுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியம் காலணி. பல நூறு ஆண்டுகளாகக் கோடிக் கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்து மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிட்டது. காய்ந்திருக்கும்போதே வழுக்கும்.

தென்கிழக்கு வாசலில் நுழைந்தால் ஏறும் வழியிலேயே டயோனிசஸ் தெய்வத்தின் நாடக அரங்கு வரும். சோபோக்ளிஸின் நாடகங்கள் முதன்முதலில் அரங்கேறிய இடம் இது. முன்வரிசையின் நடுவில் டயோனிசஸின் பூசாரிக்கென்று செதுக்கிய கல் இருக்கை இன்னும் அப்படியே இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மேலே செல்லுங்கள், மலை உச்சியில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும்.

மலை உச்சியில் ஏதெனா தேவிக்கு எழுப்பிய பார்த்தினான் கோயிலைக் கட்டத் தொடங்கிய ஆண்டு கி.மு. 447. கட்டுமானம் 438-ல் முடிந்தது, சிற்ப வேலை 432 வரை நீண்டது. இவ்வளவு பெரிய பளிங்குக் கோயிலுக்குப் பதினைந்தே ஆண்டுகள். கட்டடக் கலைஞர்கள் இக்டினோஸும் காலிக்ரேடீஸும். சிற்ப வேலைகளை மேற்பார்த்தவர் ஃபிடியாஸ். கல் வந்தது நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பென்டெலி மலையிலிருந்து. முகப்பில் எட்டு, பக்கவாட்டில் பதினேழு என வெளிச்சுற்றில் 46 தூண்கள். இந்தத் தகவல்கள் எல்லா வழிகாட்டிகளிலும் கிடைக்கும். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறொன்று.

கோயிலின் நீண்ட பக்கத்தின் மூலைக்குச் செல்லுங்கள். கயிறு கட்டியிருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். வெளியே நின்றபடியே குனிந்து, மேல்படியின் விளிம்பில் பார்வையை ஓட்டிப் பாருங்கள். நேராக இருக்கும் என்று நினைத்த படி நடுவில் மெல்ல எழுந்து மறுபடி தாழ்வது தெரியும். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள அந்தப் பக்கத்தில், நடுப்பகுதி மூலைகளைவிட ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. முகப்புப் பக்கத்தில் இந்த உயரம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். தூண்கள் செங்குத்தாக நிற்கவில்லை, அனைத்தும் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடப் பருமனானவை. நேர்க்கோடு என்று சொல்லத்தக்கது இந்தக் கோயிலில் அரிது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதனால் விளைந்த ஒன்றை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். தளம் வளைந்து, தூண் சாய்ந்தால் அவற்றின் மேல் வரும் ஒவ்வொரு கல்லும் மயிரிழை அளவுக்காவது வேறுபட வேண்டும். அதனால் ஒரு கல்லுக்கு ஓர் இடம்தான் உண்டு. இடிந்து சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கற்களை வைத்துக்கொண்டு, எது எங்கே இருந்தது என்று சீரமைப்பவர்கள் இன்று கண்டுபிடிப்பது இந்த நுண்ணிய வேறுபாடுகளின் துணையால்தான். 1975-ல் அமைக்கப்பட்ட குழு ஒன்றின் மேற்பார்வையில் அந்த வேலை இன்றும் நடக்கிறது. பாரந்தூக்கியும் சாரமும் படத்தைக் கெடுக்கின்றன என்று பலர் முகம் சுளிப்பார்கள். நான் அந்தப் பக்கம்தான் அதிக நேரம் நிற்பேன்.

கல்லின் நிறத்தையும் கவனியுங்கள். பென்டெலி பளிங்கில் இரும்புச் சத்து இருப்பதால் காலப்போக்கில் அது தேன் நிறம் கொள்ளும். ஒரே தூணில் தேன் நிறத்துக்கு நடுவே வெள்ளைத் துண்டு தெரிந்தால், அது அண்மையில் ஒட்டவைத்தது. பழைய கலைஞர்கள் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தபோது, துரு ஏறாமலிருக்க ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் அந்த ஈயக் கவசம் இல்லாமலே இரும்பைப் பதித்தார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. இப்போது அவற்றை ஒவ்வொன்றாக அகற்றி, துருப்பிடிக்காத டைட்டானியம் வைக்கிறார்கள். இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வேலை செய்த கொல்லருக்குத் தெரிந்திருந்த ஒன்றை மறந்ததற்குக் கொடுத்த விலை அது.

கோயில் இவ்வளவு உடைந்தது எப்படி என்று கட்டாயம் கேட்பீர்கள். காலத்தால் அல்ல. அது கோயிலாக இருந்து, பிறகு கிறித்தவ தேவாலயமாகி, துருக்கியர் ஆட்சியில் மசூதியாகி, 1687 வரை பெருமளவு முழுமையாகவே நின்றது. அந்த ஆண்டு வெனிஸ் படை ஏதென்ஸை முற்றுகையிட்டது. துருக்கியர் பார்த்தினானை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று வெனிஸ் தளபதி மொரோசினியின் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே விழுந்தது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் சுமார் 300 பேர் மாண்டார்கள், கூரை போயிற்று, நடுப்பகுதித் தூண்கள் இரு பக்கமும் சரிந்தன. தெற்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி இன்றும் தெரிகிறது. அதன்பின் எஞ்சியிருந்த சிற்பங்களில் பெரும்பங்கை 1801 முதல், துருக்கிய அரசிடம் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் அறுத்து எடுத்துச் சென்றார்கள். 1816-ல் பிரிட்டன் அவற்றை விலைக்கு வாங்கியது.

மலையிலிருந்து இறங்கும் முன் இரண்டு வெற்றிடங்களை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பார்த்தினானின் வெளித்தூண்களுக்குப் பின்னே, உள்சுவரின் உச்சியில், தரையிலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்தில் கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டை இருந்த இடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த நிழலில், அந்தக் கோணத்தில், அக்காலத்து மக்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு, எதிரே உள்ள எரெக்தியான் கோயிலின் தெற்கு மண்டபம். அங்கே தூண்களுக்குப் பதில் ஆறு பெண்கள் தலையால் கூரையைத் தாங்குகிறார்கள். ஆறும் நகல்கள். அசல்களில் ஒன்றை எல்ஜின் கொண்டுபோனார். மற்ற ஐந்தையும், நகரத்துக் காற்றின் மாசு பளிங்கைக் கரைத்து முகங்களை அழித்ததால், 1979-ல் இறக்கிவிட்டார்கள்.

இப்போது கீழே இறங்குங்கள். வந்த வாசலுக்கு எதிரிலேயே அக்ரோபொலிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பெர்னார்ட் சூமி வடிவமைத்து 2009 ஜூனில் திறக்கப்பட்டது. நுழையும்போதே காலடியில் கண்ணாடித் தரை. கீழே பழைய ஏதென்ஸின் ஒரு குடியிருப்பு அப்படியே கிடக்கிறது: சந்து, கிணறு, சாக்கடை, குளியலறை. 2019 முதல் அங்கே இறங்கி நடக்கவும் விடுகிறார்கள். ஆனால் அதை வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது நேராக மாடிக்குச் செல்லுங்கள்.

முதல் தளத்தில் தூண்மங்கையர் ஐவரும் நிற்கிறார்கள். ஆறாமவளுக்கு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு அவர்களின் பின்பக்கம் செல்லுங்கள். மலை மேல் யாராலும் பார்க்க முடியாத பக்கம் அது. ஒவ்வொருத்தியின் பின்னலும் ஒவ்வொரு விதம். பக்கத்திலிருந்து வரும் சடைகள் பின்னால் சேர்ந்து, ஒரே கனத்த பின்னலாக முதுகில் இறங்குகின்றன. இது வெறும் அலங்காரம் அல்ல. ஒரு பெண்ணின் கழுத்து எவ்வளவு மெல்லியது, அதன் மேல் எவ்வளவு பெரிய கல் கூரை! முன்னாலிருந்து பார்த்தால் கழுத்து ஒல்லியாகத் தெரிய வேண்டும், பாரத்தையும் தாங்க வேண்டும். சிற்பி கூந்தலைக் கழுத்தோடு ஒன்றாக்கி அந்த இடத்தைப் பருமனாக்கிவிட்டான். எனக்கு ஏதென்ஸில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இந்தப் பின்னல்களைத்தான் சொல்வேன்.

அதே தளத்தில் இன்னும் பழைய சிலைகளின் கூடம் இருக்கிறது. கன்றைத் தோளில் சுமந்து நிற்பவன், புன்னகைக்கும் இளம்பெண்கள், கி.மு. 480-ஐ ஒட்டிய 'கிரிடியோஸ் பையன்'. இந்தப் பையனின் இடுப்பைக் கவனியுங்கள். அவனுக்கு முந்தைய சிலைகள் இரண்டு காலிலும் சமமாக நிற்பவை. இவன் உடல் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றிவிட்டான், அதனால் ஓர் இடுப்பு உயர்ந்திருக்கிறது. இந்தச் சிலைகளில் பலவற்றுக்கு ஒரே கதை. கி.மு. 480-ல் பாரசீகப் படை மலையைக் கொளுத்திச் சிலைகளை உடைத்துப் போட்டது. திரும்பி வந்த ஏதென்ஸ் மக்கள் அவற்றை அங்கேயே மண்ணில் புதைத்தார்கள். 1880-களில் தோண்டியபோது வெளியே வந்தன. வெயிலும் மழையும் படாததால் சிலவற்றில் சிவப்பும் நீலமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. கிரேக்கச் சிற்பம் என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்ற எண்ணம் அந்த உதட்டுச் சிவப்பைப் பார்த்ததும் போய்விடும். நம் கோபுரங்களின் வண்ணத்தைப் பழகிய கண்ணுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

உச்சித் தளத்துக்கு வாருங்கள். கட்டடத்தின் மற்றத் தளங்களிலிருந்து இது கோணலாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். காரணம், பார்த்தினான் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசையில், அதே நீள அகலத்தில் இந்தக் கூடத்தை அமைத்திருக்கிறார்கள். நாற்புறமும் கண்ணாடி. சிற்பப் பட்டையைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பினால், காலையில் நீங்கள் அண்ணாந்து பார்த்த வெற்றிடம் சன்னலுக்கு வெளியே தெரிகிறது. காலையில் மலை ஏறாமல் இங்கே வருபவர்களுக்கு இந்தக் கண்ணாடி வெறும் சன்னல்தான்.

சிற்பப் பட்டையில் இருப்பது ஏதெனா தேவிக்கு நடந்த திருவிழா ஊர்வலம் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. குதிரை வீரர்கள், தேர்கள், பலிக்கு ஓட்டிச் செல்லும் மாடுகள், குடம் சுமப்பவர்கள். கடைசியில் தேவிக்கு நெய்த ஆடை. அம்மனுக்குப் புடவை சாத்தும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்த்தினானுக்குள் ஃபிடியாஸ் பொன்னும் தந்தமும் கொண்டு செய்த, சுமார் 12 மீட்டர் உயரச் சிலை நின்றிருந்தது. ஆனால் புடவை அந்தப் பெரிய சிலைக்கு அல்ல. மிகப் பழமையான ஒலிவ மரத் திருமேனி ஒன்று தனியே இருந்தது, ஆடை அதற்குத்தான்.

இந்தப் பட்டையில் இரண்டு இடங்களில் நின்று பாருங்கள். வடக்குப் பக்கத்தில் குடம் சுமக்கும் இளைஞர்களின் வரிசை வருகிறது. மூன்று பேர் தோளில் குடத்தோடு நடக்கிறார்கள். நான்காமவன் தரையில் வைத்த குடத்தைத் தூக்கக் குனிந்திருக்கிறான். ஊர்வலம் இடையில் நின்று மறுபடி புறப்படும் கணம். தெய்வத்துக்கான வேலையில், 12 மீட்டர் உயரத்தில், யார் கண்ணுக்கும் எளிதில் படாத இடத்தில், ஒருவன் களைத்துக் குடத்தை இறக்கி வைத்ததைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். குதிரை வீரர்கள் பகுதியில் கல்லுக்கு நெருங்கி நின்றால், குதிரைகளின் வாயருகே சிறு துளைகள் தெரியும். கடிவாளத்தை உலோகத்தில் செய்து மாட்டியிருந்த துளைகள் அவை. செதுக்கலின் ஆழம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான், அதற்குள் நான்கைந்து குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடச் சற்று ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கிழக்குப் பக்கம். இங்கே தேன் நிறக் கல்லும் வெள்ளைச் சாந்து வார்ப்பும் மாறி மாறி வரும். தேன் நிறம் அசல், வெள்ளை நகல். பட்டையில் கிட்டத்தட்டப் பாதி லண்டனில் இருக்கிறது. ஊர்வலத்தின் உச்சமான அந்தப் புடவைக் காட்சி இங்கே வெறும் வெள்ளைச் சாந்து. அதன் அருகே போசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் ஆகிய தெய்வங்கள் அமர்ந்திருக்கும் கல் மட்டும் தேன் நிறத்தில் அசலாக இருக்கிறது. அந்தக் கல்லில் ஒரு பாதமும் ஆடை விளிம்பும் கொண்ட சிறு துண்டு, சிசிலியின் பலெர்மோ அருங்காட்சியகத்திலிருந்து 2022-ல் திரும்பி வந்து தன் இடத்தில் பொருந்தியது. 2023-ல் வத்திக்கான் மூன்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. லண்டனில் இருப்பவை வரவில்லை. ஒரே ஊர்வலத்தில் நடப்பவர்களைப் பிரித்து வைத்திருப்பது தவறு என்பதே என் கருத்து. கருத்து எதுவானாலும், அந்தப் பாதத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இப்போது மதியம் ஒரு மணி ஆகியிருக்கும். சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அருங்காட்சியகக் களைப்பு காலில் தொடங்கிக் கண்ணுக்கு ஏறுவது. கண் களைத்த பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

பிற்பகலுக்கு அகோராவா, தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகமா என்பது கடினமான தேர்வு. அகோரா பழைய ஏதென்ஸின் சந்தைத் திடல். அதன் ஓரத்தில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்காமோன் அரசர் அட்டாலோஸ் கட்டிக் கொடுத்த நீண்ட மண்டபம் இருக்கிறது. 1950-களில் திரும்பக் கட்டியது. அதற்குள் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் ஓட்டுச் சில்லுகள் இருக்கின்றன. ஊருக்கு ஆபத்தானவர் என்று கருதும் ஒருவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். வாக்கு மொத்தம் 6,000-க்குக் குறையாமல் விழுந்தால், அதிகம் பெயர் வந்தவர் பத்து ஆண்டுகள் ஊரை விட்டுப் போக வேண்டும். பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்ளிஸுக்கே அது நேர்ந்தது. அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் பொறித்த 190 சில்லுகள் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தபோது 14 கைகள்தான் அவற்றை எழுதியிருக்கின்றன என்று தெரிந்தது. முன்கூட்டியே எழுதி வைத்துக் கொடுக்கத் திட்டமிட்டவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதே அகோராவை விடச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒரே நாள் என்றால் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் விமானத்துக்கு முன் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அங்கே போங்கள்.

பிற்பகலில் முதலில் கெராமெய்கோஸ். குயவர்கள் வாழ்ந்த பகுதி, பழைய நகர மதிலுக்கு வெளியே உள்ள இடுகாடும் அதுதான். அக்ரோபொலிஸைச் சுற்றிச் செல்லும் வாகனம் இல்லாத பாதையில் தீசியோ பகுதி வழியாக அரை மணி நேர நடை. கொளுத்தும் வெயில் என்றால் டாக்சியில் போய்விடுங்கள். கூட்டம் குறைவு. கல்லறைத் தெரு என்று ஒரு தெரு, இரு பக்கமும் குடும்பக் கல்லறைகள். அவற்றில் ஒன்றில், நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண்ணும் எதிரே நகைப்பெட்டியோடு நிற்கும் பணிப்பெண்ணும் உள்ள கல்லைத் தேடுங்கள். ஹெகெசோ என்ற பெண்ணின் நினைவுக்கல், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. அங்கே நிற்பது நகல். தெருவின் அகலம், கல் நிற்கும் உயரம், அவ்வழியே போகிறவர் அதைப் பார்த்திருக்கும் தூரம் ஆகியவற்றை மட்டும் கவனித்துக்கொண்டு கிளம்புங்கள். குளிர்காலத்தில் இந்த இடத்தைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஆகவே அப்போது மதிய ஓய்வைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

தீசியோவில் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் விக்டோரியா. அங்கிருந்து தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் சில நிமிட நடை. திறந்திருக்கும் நேரம் கிழமைக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும், முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இது மிகப் பெரிய இடம். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. ஐந்து பொருள்கள் போதும்.

நுழைந்ததும் நேர் எதிரே உள்ள கூடத்தில், மைசீனி என்ற பழைய கிரேக்க நகரத்தின் பொன். 1876-ல் ஜெர்மன் அகழாய்வாளர் ஷ்லீமன் தோண்டி எடுத்த பொன் முகமூடியை, டிராய் போரில் கிரேக்கருக்குத் தலைமை தாங்கியதாகக் கதைகள் சொல்லும் அரசனின் பெயரால் 'அகமெம்னானின் முகமூடி' என்கிறார்கள். அது கி.மு. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, டிராய் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிட ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் மூத்தது. பெயர் பொருந்தாது, முகம் பொருந்தும். யாரோ ஒரு தலைவனின் தாடியையும் மூடிய இமையையும் பொன் தகட்டில் தட்டி எடுத்திருக்கிறார்கள்.

அடுத்து வெண்கலங்கள். கிரேக்கர்களின் பெருஞ்சிலைகளில் பல வெண்கலத்தில் வார்த்தவை. ஆனால் வெண்கலத்தை உருக்கி வேறொன்று செய்யலாம் என்பதால் பின்வந்தவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் பல, கப்பலோடு கடலில் மூழ்கியவை. ஆர்ட்டெமிசியோன் முனைக்கு அருகே 1920-களில் கடலிலிருந்து எடுத்த தெய்வம், கி.மு. 460-ஐ ஒட்டியது, இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், கைகள் இரண்டையும் விரித்து எதையோ எறியும் நிலையில் நிற்கிறது. வலக்கையில் இருந்த ஆயுதம் போய்விட்டது. இடியாக இருந்தால் அவர் தேவர்களின் அரசர் சூஸ், சூலமாக இருந்தால் கடல் தேவன் போசைடன். கை காலியாக இருப்பதால் இன்றுவரை விவாதம். சுற்றி வந்து, விரல்கள் மடங்கியிருக்கும் விதத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்டிகிதெரா தீவருகே 1900-ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்ட கப்பலின் பொருள்களும் இங்கே இருக்கின்றன. சூரியன், சந்திரன், கிரகணம் ஆகியவற்றைக் கணிக்கும் பற்சக்கரப் பொறியைப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள். 30 பற்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதே கப்பலின் பளிங்குச் சிறுவன் ஒருவனையும் தேடிப் பாருங்கள். உடலின் ஒரு பகுதி கடலடி மண்ணில் புதைந்திருந்ததால் நேற்றுச் செதுக்கியதுபோல மழமழவென்று இருக்கிறது. நீரில் வெளியே தெரிந்த பகுதியைக் கடலுயிர்கள் அரித்துச் சல்லடையாக்கிவிட்டன. ஒரே உடலில் இரண்டும்.

ஹெகெசோவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே அவளிடம் போய்விடுங்கள், அந்த நேரத்தில் கூடத்தில் ஆட்கள் குறைவாக இருப்பார்கள். கெராமெய்கோஸில் பார்த்த அதே காட்சி, இப்போது அசல் கல்லில். மேலே அவள் பெயரும் தந்தை பெயரும் பொறித்திருக்கிறது. முக்காட்டின் துணி அவ்வளவு மெல்லியதாக விழுகிறது, கல் என்று நம்புவது சிரமம். அவளுடைய வலக்கையைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த எதையோ விரல் நுனிகளில் பிடித்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை. அவள் பிடித்திருந்த நகையைச் சிற்பி செதுக்கவில்லை, வண்ணத்தால் தீட்டியிருந்தான். வண்ணம் போய்விட்டது, பிடி மட்டும் இருக்கிறது. காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை அங்கேயே நில்லுங்கள்.